பிள்ளை வாசிக்கிறான், அவனுக்கு விளங்குகிறதா?

கடைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனிடம் சரக்குப் பட்டியலைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அரிசி 40 மூட்டை, துவரம்பருப்பு 12 மூட்டை, கடலை எண்ணெய் 25 டின் என்று அவன் தடங்கலின்றி வாசித்து முடிக்கிறான். "நாம் கேட்டது என்ன, வந்தது என்ன, எதிலே குறைகிறது தம்பி?" என்று வினவினால் திருதிருவென விழிக்கிறான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் கிட்டங்கிச் சாவியை நம்பி அவன் கையில் கொடுக்க நம்மில் எவரும் துணியமாட்டோம்.

நம் வீட்டுப் பிள்ளைகள் சிலரும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். கடையை அடைத்துவிட்டு இரவு 9 மணிக்கோ 10 மணிக்கோ வீடு திரும்பும் தந்தை, பிள்ளையை அழைத்துத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்கிறார். பிள்ளை கணீரென்று வாசிக்கிறது. தந்தையின் மனம் குளிர்கிறது. "நன்றாக வாசிக்கிறானே!" என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருகிறார். அந்தப் பக்கத்தில் சொல்லப்பட்டது என்ன என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் உண்மை நிலை அன்றே தெரிந்திருக்கும். கேட்காமல் விட்டதனால், தொடக்கநிலை மூன்றிலோ நான்கிலோ கருத்தறிதல் பகுதியில் மதிப்பெண் சரியும்போதுதான் அது வெளிப்படுகிறது. அதற்குள் பிள்ளைக்குத் தமிழ்ப் புத்தகம் என்றாலே கசப்பு ஏற்பட்டுவிடுகிறது. துணைப்பாட வகுப்புக்குப் பணம் கட்டுகிறோம். கசப்பு மட்டும் நீங்குவதில்லை.

இந்நிலை வராமல் தடுக்க வீட்டிலேயே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அதற்குப் பெரும் படிப்போ பணமோ வேண்டியதில்லை. நாளொன்றுக்குக் கால் மணி நேரமும், கொஞ்சம் பொறுமையும், பிள்ளையோடு பேசும் மனமும் இருந்தால் போதும். அதை எப்படிச் செய்வது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்து வேறு, பொருள் வேறு

எழுத்தை ஒலிப்பதும் பொருளை உணர்வதும் இரு வேறு காரியங்கள் என்பதை நம் சமூகத்தாருக்கு விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை. அரபுப் பள்ளியில் நம் பிள்ளைகள் திருக்குர்ஆனைத் தஜ்வீத் முறைப்படி அழகாக ஓதப் பழகுகிறார்கள். அவ்வாறு ஓதுவதே ஓர் அமல். அதன் சிறப்புத் தனி. ஆனால் ஓதியதன் பொருளை அறிய அரபு மொழியைக் கற்கவேண்டும், அல்லது தர்ஜுமாவைப் பார்க்கவேண்டும் என்பது நாம் அனைவரும் அறிந்ததே.

இதற்கு நேர்மாறான உதாரணமும் நம் முன்னோரிடையே இருக்கிறது. அரபுத்தமிழ் என்று ஒரு முறை இருந்தது. தமிழையே அரபு எழுத்துகளில் எழுதுவார்கள். தமிழ் எழுத்து அறியாத நம் மூதாட்டியர் பலர் அதை வாசித்து மார்க்க விஷயங்களைத் தெரிந்துகொண்டார்கள். எழுத்து அரபு எழுத்து; மொழியோ அவர்கள் தாய்மடியில் கற்ற தமிழ். ஆகவே எழுத்தை ஒலித்த மாத்திரத்தில் பொருள் தானாக வந்தது. எழுத்து ஒரு கதவு என்றால், உள்ளே இருக்கும் பொருளை அடையாளம் காண உதவுவது மொழி என்பது இதனால் புலனாகும்.

கல்வி ஆராய்ச்சியாளர்களும் இதையே சொல்கிறார்கள். கஃப், டன்மர் என்ற இருவர் 1986-ஆம் ஆண்டில் ஓர் எளிய கணக்கை முன்வைத்தார்கள். எழுத்தை ஒலிக்கும் திறனையும், காதால் கேட்டுப் பொருள் அறியும் திறனையும் ஒன்றோடொன்று பெருக்கினால் கிடைப்பதே வாசித்து விளங்கும் திறன் என்றார்கள். கூட்டல் அன்று, பெருக்கல் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பிள்ளைக்கு எழுத்துத் திறன் பத்துக்கு 9, மொழியறிவு பத்துக்கு 2. மற்றொரு பிள்ளைக்கு இரண்டிலும் 6. கூட்டினால் முதற்பிள்ளைக்கு 11, அடுத்ததற்கு 12. இருவரும் ஏறக்குறையச் சமம் என்று தோன்றும். பெருக்கினால் முதற்பிள்ளைக்கு 18, அடுத்ததற்கு 36, சரிபாதி வித்தியாசம்! ஒரு பக்கம் பூஜ்யமானால் மறுபக்கம் எவ்வளவு இருந்தாலும் விடை பூஜ்யமே. முதலும் வேண்டும், விற்பனையும் வேண்டும். ஒன்று இல்லாவிட்டால் மற்றொன்றால் பயனில்லை என்பதை அறிந்த வியாபாரிகளுக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும்.

தமிழில் இந்தக் குறை மறைந்து கிடப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ் எழுத்துகள் 247. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளோடு ஒப்பிட்டால் கற்பதற்குச் சற்று அதிகக் காலம் பிடிக்கும். "கல்", "பகல்", "தங்கம்" ஆகிய சொற்களில் ககரம் வெவ்வேறாக ஒலிப்பது போன்ற சில நுட்பங்களும் இருக்கின்றன. ஆனால் ஒரு முறை கற்றுவிட்டால், முன்பின் கேட்டிராத சொல்லையும் பிள்ளை ஏறத்தாழச் சரியாக ஒலித்துவிடும். ஆங்கிலத்தில் தெரியாத சொல் வந்தால் உச்சரிப்பிலேயே தடுமாறும், பெற்றோருக்குத் தெரிந்துவிடும். தமிழில் தடுமாற்றமே இல்லாமல், பொருளும் தெரியாமல், ஒரு பக்கம் முழுவதையும் வாசித்துவிடலாம். கேட்பவர் ஏமாந்துபோக இதுவே காரணம்.

வீட்டுத் தமிழும் புத்தகத் தமிழும்

நிற்க. எழுத்துத் திறனைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும். மொழியறிவு என்ற மற்றப் பாதி பெரும்பாலும் வீட்டில்தான் வளரவேண்டும். அங்கே நம் பிள்ளைகளுக்கு இரண்டு இடர்கள் ஏற்படுகின்றன.

முதலாவது, வீட்டில் பேசும் தமிழும் புத்தகத்தில் அச்சிட்ட தமிழும் வேறுபடுவது. நம் வீடுகளில் "ஆனம்" என்கிறோம். பாடப்புத்தகத்தில் "குழம்பு" என்றிருக்கிறது. காலையில் "பசியாறிட்டியா?" என்று கேட்கிறோம், புத்தகத்தில் "சிற்றுண்டி அருந்தினான்" என்று வருகிறது. "தண்ணி" அங்கே "நீர்" ஆகிறது. "தூங்கினான்" என்பது "உறங்கினான்" ஆகிறது. "சொன்னான்" என்பது "கூறினான்" ஆகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இவை வேறு வேறு பொருள்களாகத் தோன்றுவதில் வியப்பில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று யாரேனும் ஒருவர் எடுத்துச் சொன்னால் அந்த நொடியிலேயே விளங்கிவிடும்.

இதற்காக வீட்டில் மேடைத் தமிழ் பேசவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு செய்தால் பிள்ளை பேசுவதையே நிறுத்திவிடும். சிங்கப்பூரில் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழுவின் அறிக்கை 2005-ஆம் ஆண்டில் வெளியானபோது, பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தரவேண்டும் என்றே பரிந்துரைத்தது. பேச்சுத் தமிழ் தாழ்ந்ததன்று, அதுவே அடித்தளம். அத்தாவும் வாப்பாவும், உம்மாவும் நன்னியும் பேசும் தமிழ் பிள்ளையின் காதில் நிறைந்திருந்தால், அதன்மேல் புத்தகத் தமிழை ஏற்றுவது எளிது.

இரண்டாவது இடர் இதைவிடப் பெரியது. அந்த அடித்தளமே குறைந்து வருகிறது. சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் 2010-ஆம் ஆண்டில் 100க்கு ஏறத்தாழ 42 பேர். 2020-ஆம் ஆண்டில் 59 பேர். தமிழ் பேசுவோர் அதே காலத்தில் 37-லிருந்து 28-ஆகக் குறைந்துவிட்டனர்.

ஆங்கிலத்தில் நம் நாட்டுப் பிள்ளைகள் பின்தங்கவில்லை. தொடக்கநிலை நான்கு மாணவர்களின் வாசிப்பை அளக்கும் பேர்ள்ஸ் என்னும் அனைத்துலக ஆய்வில், 2021-ஆம் ஆண்டுச் சுற்றில் சிங்கப்பூர் 587 புள்ளிகள் பெற்று முதலிடம் வகித்தது. அத்தேர்வு ஆங்கிலத்தில் நடந்தது. ஒரு மொழியில் விளங்கி வாசிக்கப் பழகிய பிள்ளைக்கு, கேள்வி கேட்டுக்கொண்டு வாசிக்கும் பழக்கம் மறு மொழிக்கும் உதவும். ஆனால் சொற்கள் தாமாக வந்து சேரமாட்டா. அவற்றை அந்தந்த மொழியில்தான் சேர்க்கவேண்டும். ஆகையால் "ஆங்கிலத்தில் நன்றாகப் படிக்கிறான், தமிழும் தானாக வந்துவிடும்" என்று இருந்துவிடுவது சரியாகாது.

தெரிந்த விஷயமே முதல்

வியாபாரம் செய்ய முதல் வேண்டும் என்பதுபோல, வாசித்து விளங்கவும் ஒரு முதல் வேண்டும். அதுவே உலக அறிவு.

1988-ஆம் ஆண்டில் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 64 மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினர். அந்நாட்டில் பிரசித்தமான பேஸ்பால் விளையாட்டைப் பற்றிய ஒரு பகுதியை வாசிக்கக் கொடுத்தனர். வாசிப்பில் கெட்டிக்காரர்கள் என்று பெயரெடுத்திருந்தும் அவ்விளையாட்டைப் பற்றி அதிகம் அறியாதவர்களைவிட, வாசிப்பில் பின்தங்கியவர்களாயினும் விளையாட்டை நன்கறிந்தவர்கள் அப்பகுதியை நன்றாக விளங்கிக்கொண்டனர், நினைவிலும் வைத்துக்கொண்டனர். தெரிந்த விஷயத்தைப் பற்றி வாசிக்கும்போது மனம் விடுபட்ட இடங்களைத் தானே நிரப்பிக்கொள்கிறது. தெரியாத விஷயமானால் ஒவ்வொரு வரியும் தனித்தனிக் கல்லாக நிற்கிறது.

இவ்வகையில் வியாபாரிகளின் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள் எனலாம். நம் கடையே ஒரு பெரிய பாடசாலை. மிளகு எங்கே விளைகிறது, வெங்காயம் எந்த ஊரிலிருந்து கப்பலேறி வருகிறது, நாணய மாற்றுக் கடையில் கள்ளநோட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், பெருநாளுக்கு முன் துணி விலை ஏன் ஏறுகிறது, மீதிச் சில்லறையை எப்படி எண்ணிக் கொடுப்பது என்பனவெல்லாம் பிள்ளைக்குச் சுவையான செய்திகள். சனிக்கிழமைகளில் தேக்கா சந்தைக்கு அழைத்துச் சென்று, கறிவேப்பிலைக்கும் கொத்தமல்லிக்கும், வஞ்சிரத்துக்கும் வாவலுக்கும் பெயர் சொல்லிக் காட்டினால், அப்பெயர்கள் பின்னொரு நாள் புத்தகத்தில் வரும்போது பிள்ளை பழைய சிநேகிதரைக் கண்டதுபோல மகிழும்.

ஆனால் கடைக்கு அழைத்துவந்து ஒரு மூலையில் கைப்பேசியைக் கொடுத்து உட்கார வைப்பதால் இந்தப் பயன் கிடைக்காது. பேசினால்தான் கிடைக்கும். பிள்ளை கேட்கும் "ஏன்?" என்ற கேள்விக்குப் பதில் சொன்னால்தான் கிடைக்கும். வாடிக்கையாளர் நிற்கும்போது முடியாவிட்டால், "இரவில் சொல்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, மறவாமல் இரவில் சொல்லவேண்டும்.

ஒரு மாதிரிப் பாடம்

இப்போது செய்முறைக்கு வருவோம். ஏழு அல்லது எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொருத்தமான நான்கு வரிகளை இங்கே தருகிறோம்.

"காதர் மாமா காலையில் கடைக்கதவைத் திறந்தார். வெளியே வந்து அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். வாசலில் வைப்பதற்காகத் தூக்கிய வெங்காய மூட்டையை மறுபடியும் உள்ளேயே வைத்தார். பிறகு ரஹீமைக் கூப்பிட்டு, 'தம்பி, தார்ப்பாயை எடுத்து வா' என்றார்."

இதைப் பிள்ளை ஒரு முறை வாசிக்கட்டும். பிறகு மூன்று வகையான கேள்விகளைக் கேட்கவேண்டும்.

முதல் வகை, விடை வரியிலேயே இருப்பது. காதர் மாமா யாரைக் கூப்பிட்டார்? எதை எடுத்துவரச் சொன்னார்? இவற்றுக்கு விடையை விரலால் தொட்டுக் காட்டலாம். பெரும்பாலான பெற்றோர் இவ்வகைக் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்.

இரண்டாம் வகை, விடை வரிகளுக்கு இடையே இருப்பது. மூட்டையை ஏன் உள்ளே வைத்தார்? "மழை" என்ற சொல் மேற்கண்ட நான்கு வரிகளில் எங்குமே இல்லை. வானத்தைப் பார்த்ததையும், மூட்டையை உள்ளே வைத்ததையும், தார்ப்பாய் கேட்டதையும் சேர்த்துப் பார்த்துப் பிள்ளையே மழையைக் கண்டுபிடிக்கவேண்டும். விளங்கி வாசிப்பது என்பதன் உயிர் இங்கேதான் இருக்கிறது.

மூன்றாம் வகை, விடை பிள்ளையின் மனத்தில் இருப்பது. நீ ரஹீமாக இருந்தால் வேறு எதை உள்ளே எடுத்து வைப்பாய்? வெங்காயம் நனைந்தால் என்ன ஆகும்? காதர் மாமா எப்படிப்பட்ட வியாபாரி என்று நினைக்கிறாய்? இவற்றுக்கு ஒரே விடை என்பது கிடையாது. பிள்ளை காரணத்தோடு பேசினால் அதுவே சரியான விடை.

இரண்டாம் கேள்விக்குப் பிள்ளை, "மூட்டை கனமாக இருந்தது, அதனால் வைத்துவிட்டார்" என்று சொல்லக்கூடும். அப்போது "தப்பு" என்று வெட்டிவிடலாகாது. "எந்த வரியைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய், கண்ணு?" என்று கேட்கவேண்டும். பிள்ளை திரும்பப் பார்க்கும். கனம் என்று எங்கும் இல்லை. வானம் என்று இருக்கிறது. "அவர் ஏன் வானத்தைப் பார்த்தார்?" என்று ஒரு சிறு தூண்டுதல் கொடுத்தால், "மழை வரப்போகுது!" என்று தானே கூவும். அவ்வாறு தானே கண்டுபிடித்ததில் பிள்ளைக்கு உண்டாகும் மகிழ்ச்சியே அடுத்த நாளும் புத்தகத்தை எடுக்கவைக்கும். "எந்த வரி?" என்ற அந்தச் சிறு கேள்வியைப் பெற்றோர் மனத்தில் பதித்துக்கொள்ளக் கோருகிறோம். ஊகம் வேறு, ஆதாரத்தோடு சொல்வது வேறு என்பதை அது பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறது.

"தார்ப்பாய்" என்ற சொல் தெரியாவிட்டால் அகராதியைத் தேடி ஓடவேண்டாம். மறுநாள் கடைக்கு வரும்போது அதைத் தொட்டுப் பார்க்கச் செய்தால் போதும். கையால் தொட்ட சொல்லைப் பிள்ளை எளிதில் மறக்காது.

நான்கு பழக்கங்கள்

பாலின்சார், பிரவுன் என்ற இரு பெண்மணிகள் 1984-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, எழுத்தை ஒலிக்கத் தெரிந்தும் பொருள் பிடிபடாத மாணவர்களைப் பற்றியது. அவர்களுக்கு நான்கு பழக்கங்களைக் கற்றுக்கொடுத்ததில் நல்ல முன்னேற்றம் காணப்பட்டது. அவை கடினமானவை அல்ல. நாம் கடையில் நித்தமும் செய்பவைதாம்.

ஒன்று, முன்கூட்டி ஊகித்தல். புத்தகத்தின் அட்டையையும் தலைப்பையும் பார்த்து, "இதில் என்ன வரும் என்று நினைக்கிறாய்?" என்று கேட்பது. ஊகம் சரியாயிற்றா என்று பார்க்கும் ஆவலிலேயே பிள்ளை கவனத்தோடு வாசிக்கும்.

இரண்டு, விளங்காத இடத்தில் நிற்றல். "இந்த இடம் எனக்கு விளங்கவில்லை" என்று சொல்வது வெட்கப்படத்தக்கதன்று என்பதைப் பிள்ளைக்கு உணர்த்தவேண்டும். நாமே வாசித்துக் காட்டும்போது ஓரிடத்தில் நின்று, "இது என்ன? மறுபடி வாசித்துப் பார்ப்போம்" என்று செய்து காட்டினால் பிள்ளையும் பழகிக்கொள்ளும்.

மூன்று, கேள்வி கேட்டல். நாம் மட்டும் கேட்டுக்கொண்டிராமல், "இப்போது நீ கேள், நான் பதில் சொல்கிறேன்" என்று முறையை மாற்றவேண்டும். தந்தையிடம் கேள்வி கேட்கும் அதிகாரம் கிடைத்தால் எந்தப் பிள்ளைதான் விடும்! நல்ல கேள்வி கேட்கவேண்டுமானால் நன்றாக விளங்கியிருக்கவேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்தால் போதும்.

நான்கு, சுருக்கிச் சொல்லுதல். இரவில் கல்லாவை எண்ணி அன்றைய வரவு செலவை ஒரு வரியில் எழுதிவைக்கிறோம் அல்லவா? அதுபோல, வாசித்த கதையை இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்லச் செய்வது. கதை கேட்காத தம்பிக்கோ, தொலைபேசியில் ஊரிலிருக்கும் நன்னிக்கோ சொல்லும்படி விட்டால், பிள்ளைக்கு அது தேர்வாகத் தோன்றாது.

கால் மணி நேர ஏற்பாடு

"நாங்கள் விடியக் கடை திறந்து, இரவில் மூடுகிறவர்கள். எங்களுக்கு நேரம் ஏது?" என்று சகோதரர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆகவே கால் மணி நேரத்துக்குள் அடங்கும் ஓர் ஏற்பாட்டைச் சொல்கிறோம். வாரத்தில் ஐந்து நாள் செய்தால் போதும். தந்தைக்கு முடியாத நாளில் தாயோ, ராத்தாவோ, காக்காவோ செய்யலாம்.

முதல் 2 நிமிடம்: தலைப்பையும் படத்தையும் பார்த்துப் பேசுதல்.

அடுத்த 5 நிமிடம்: வாசித்தல். பெரியவர் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று மாற்றி மாற்றி வாசிக்கலாம். நடுவில் ஒவ்வோர் உச்சரிப்புப் பிழைக்கும் நிறுத்தவேண்டாம். பொருளை மாற்றும் பிழையை மட்டும் திருத்தினால் போதும்.

அடுத்த 5 நிமிடம்: மேற்சொன்ன மூன்று வகைக் கேள்விகள், வகைக்கு ஒன்று வீதம். பிள்ளை யோசிக்கும்போது நாமே விடையைச் சொல்லிவிடாமல், மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிப் பொறுத்திருக்கவேண்டும்.

கடைசி 3 நிமிடம்: பிள்ளை கதையைச் சுருக்கிச் சொல்லுதல், புதுச் சொல் ஒன்றை அன்றாடப் பேச்சில் வைத்துப் பார்த்தல்.

வயதுக்கேற்ப இதை மாற்றிக்கொள்ளலாம். மூன்று, நான்கு வயதில் பிள்ளை வாசிக்காது. நாம் வாசிப்போம், பிள்ளை படத்தைக் காட்டிப் பேசட்டும். அந்த வயதில் கேட்ட கதைகளே பிற்காலத்தில் வாசிப்புக்கு உரமாகும். ஐந்து, ஆறு வயதில் எழுத்துக்கூட்டும் முயற்சியிலேயே பிள்ளையின் கவனமெல்லாம் செலவாகிவிடும். ஆகவே ஒரே சிறு கதையை மூன்று நான்கு நாள் திரும்பத் திரும்ப வாசிக்கவிட்டால், எழுத்து எளிதாகிப் பொருளைக் கவனிக்க மனத்தில் இடம் கிடைக்கும். ஏழு முதல் ஒன்பது வயதில் பிள்ளை தானே வாசிக்கும். அப்போதும் நாம் வாசித்துக் காட்டுவதை நிறுத்தக்கூடாது. பிள்ளையால் தானாக வாசிக்க இயலாத சற்று உயர்ந்த நூலை நாம் வாசித்துக் காட்டினால், புதுச் சொற்கள் காதுவழியாக வந்து சேரும்.

நூலைத் தேர்ந்தெடுக்க ஓர் எளிய அளவுகோல் உண்டு. ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி, தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கச் செய்யுங்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்நூல் இப்போதைக்குக் கடினம். இன்னும் சில மாதம் கழித்துப் பார்க்கலாம். புத்தகத்துக்குச் செலவழிக்கவேண்டும் என்பதும் இல்லை. தேசிய நூலக வாரியத்தின் நூலகங்களில் தமிழ்ச் சிறுவர் நூல்களை இரவல் பெறலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. தொடக்கநிலை ஒன்று முடிந்த பின்பும் பிள்ளை எழுத்துகளை அடையாளம் காணவே மிகவும் திணறினால், அது பொருள் விளங்காத குறை அன்று, வேறு குறை. கண்ணையும் காதையும் பரிசோதித்து, ஆசிரியரோடு கலந்து பேசவேண்டும். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்பு இடர்ப்பாடாகவும் இருக்கலாம். அதற்கு உரிய பயிற்சி இருக்கிறது. சோம்பேறி என்று திட்டுவதும் அடிப்பதும் மருந்தாகா.

ஏன் இத்தனை கவலை?

மதிப்பெண்ணுக்காக மட்டும் இவ்வளவும் சொல்ல வந்தோமில்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு விரைவில் முடிந்துவிடும். விளங்கி வாசிக்கும் திறனோ ஆயுள் முழுவதும் தேவைப்படும்.

கடை வாடகை ஒப்பந்தத்தை எண்ணிப் பாருங்கள். அதன் ஒவ்வொரு சொல்லையும் வாசிக்க நம்மால் முடிகிறது. புதுப்பிக்கும்போது வாடகையை யார் நிர்ணயிப்பது, இடத்தை முன்கூட்டியே காலி செய்தால் எவ்வளவு இழப்பு, பழுதுபார்க்கும் செலவு யார் தலையில் விழும் என்பவை வரிகளுக்கு இடையே ஒளிந்திருக்கின்றன. வங்கிக் கடன் பத்திரமும் காப்புறுதிப் பத்திரமும் அப்படியே. வாசித்துக் கையெழுத்திடுவதற்கும் விளங்கிக் கையெழுத்திடுவதற்கும் உள்ள வித்தியாசம் எத்தனை ஆயிரம் வெள்ளி என்பதை அனுபவப்பட்ட வியாபாரிகள் அறிவார்கள். கைப்பேசியில் வரும் மோசடிச் செய்தியை நம்பிப் பணத்தை இழப்பதும், "இதை எந்த ஆதாரத்தில் சொல்கிறான்?" என்று கேட்கப் பழகாததன் விளைவே. ஏழு வயதில் "எந்த வரி?" என்று கேட்கப் பழகிய பிள்ளை, இருபத்தேழு வயதில் ஏமாறுவது அரிது.

தமிழைப் பொறுத்தவரை இழப்பு இன்னும் ஆழமானது. பொருள் விளங்காத மொழியை எந்தப் பிள்ளையும் நேசிக்காது. நேசிக்காத மொழியைத் தன் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கவும் செய்யாது. அப்போது நன்னியின் கதைகளும், ஊரிலிருந்து வரும் கடிதமும், நம் முன்னோர் தமிழில் எழுதிவைத்த மார்க்க நூல்களும் காப்பியங்களும் பூட்டிய பெட்டியாகிவிடும்.

இந்நாட்டில் நம் முன்னோர் இதை உணர்ந்திருந்தனர். 1946-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உமறுப்புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. யுத்தம் முடிந்து ஓராண்டே ஆகியிருந்த கஷ்டமான காலம் அது. உழைத்துப் பிழைத்த மக்கள் தங்கள் பிள்ளைகளின் தமிழ்க் கல்விக்காக அதனைப் போற்றி வளர்த்தார்கள். காலத்தின் மாற்றத்தால் அப்பள்ளி 1982-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அவர்கள் பள்ளிக்கூடத்தையே கட்டினார்கள். நம்மிடம் கேட்கப்படுவது கால் மணி நேரம்தான்.

சங்கங்களும் இதில் பங்கு கொள்ளலாம். சங்கக் கட்டடத்தில் ஓர் அலமாரி, அதில் ஐம்பது சிறுவர் நூல்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் கேள்வி கேட்க இரண்டு இளைஞர்கள். தொடக்கத்துக்கு இவ்வளவே போதும். அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பிள்ளைகள் வாசித்து முடித்த நூல்களில் இரண்டைக் கொடுத்தாலே அலமாரி நிறைந்துவிடும்.

ஆகவே சகோதரர்களே, பிள்ளையின் குரல் கணீரென்று ஒலிப்பதைக் கேட்டு மகிழுங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, "இதிலே என்ன சொல்லியிருக்கிறது, எனக்குச் சொல் பார்ப்போம்" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லத் தொடங்கும்போது கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். இதை இன்றிரவே தொடங்கலாம்.